வளையத்துக்குள் இருந்த பெயர்

1.

"உளிய எடுத்துக்கிட்டு எம்பொண்ணுகிட்ட போனே, கைய ஒடிச்சிருவேன்யா!"

"கத்தாதடி. பக்கத்து வீட்டுக்காரி எழுதி வச்சுக்குவா."

பக்கத்து வீட்டுக்காரி நான்தான். எழுதித்தான் வைத்தேன். சுவரில் காதும், மடியில் சுண்ணாம்புக்கல் சில்லுமாக உட்கார்ந்திருந்தபோது பிறந்த கதை இது. (பாப்பிரஸ் தாளில் எழுத நான் என்ன கோயில் எழுத்தரா?) வாக்கியம் பாதியில் நின்றால் கல் முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அல்லது என் தைரியம்.

2.

அரசரிடமிருந்து தொடங்கலாம் என்று பார்த்தேன். 'இருபத்தோராண்டு இரு நாடுகளையும் ஆண்ட மாமன்னர் [        ] அவர்கள்

வேண்டாம். புது அரசர் அமர்ந்த மூன்றாம் மாதமே ஆணை வந்துவிட்டது: பழையவர் இனி 'அந்தப் பகைவன்'. பெயர் எங்கே இருந்தாலும் வெட்டு. அவர் ஆட்சியில் கூலிக் கோதுமை மாதாமாதம் தவறாமல் வந்தது, பீர் புளிக்கவில்லை. என்னால் எழுத முடிந்த வரலாறு அவ்வளவுதான். நேற்றுவரை அவர் பெயரைச் செதுக்கி ரொட்டி தின்ற எங்கள் தெருக் கல்தச்சர்கள் இன்று அதையே வெட்டி ரொட்டி தின்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்துக் கென்னாவும் அதில் ஒருவன்.

3.

சிக்கல், கென்னாவின் மகள். அரசரின் படகு எங்கள் கரையைக் கடந்த நாளில் பிறந்தவள். அந்தச் சந்தோஷத்தில் அரசர் பெயரையே சேர்த்து வைத்தார்கள்: '[        ] மகிழ்ந்திருக்கிறார்'. ஆறு வயதில் தேள் கொட்டிப் போய்விட்டாள். கல்லறைப் பலகையில் அவள் பெயரைக் கென்னாவே செதுக்கினான், அரசர் பெயரைச் சுற்றிப் போடும் வளையத்தோடு. பெயர் இருந்தால்தானே செத்து மேற்கே போனவர்களுக்குச் சோறு போய்ச் சேரும்.

"வளையத்தையும் அதுக்குள்ள இருக்குற பேரையும் மட்டும்தான் வெட்டப்போறேன். 'மகிழ்ந்திருக்கிறார்' அப்படியே இருக்கும்."

"யாரு மகிழ்ந்திருக்கா? சொல்லு, யாரு?" இது ஹெனுத், அவன் மனைவி.

"சரி, சுண்ணம் பூசி அந்த எடத்துல புது ராஜா பேரப் போட்டுரலாம்."

"ஊரான் புள்ளையக் கூப்பிடுறாங்கன்னு நெனச்சு அவ பாட்டுக்கு நடந்துருவாய்யா. ஏற்கெனவே அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

இதைச் சொல்லிவிட்டு ஹெனுத் சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டது சிரிப்பில்லை.

4.

'பலகையைப் பற்றி மேஸ்திரியிடம் யாரோ சொல்லிவிட்டார்கள்.'

மோசமான வாக்கியம். 'யாரோ' என்று இந்தக் கதையில் ஒரு பாத்திரமே இல்லை. திருத்தி எழுதுகிறேன்: 'தண்ணீர் சுமக்கும் கழுதைகள் வந்த காலையில், வரிசையில் நின்ற ஒருத்தி மேஸ்திரியின் மனைவியிடம்

நான்தான். கோள் சொல்ல நினைக்கவில்லை. "பாவம்க்கா, ஹெனுத் பொண்ணு கல்லுல மட்டும் இன்னும் அந்தப் பேரு இருக்கு" என்று இரக்கப்பட்டேன். கொஞ்சம் சத்தமாக இரக்கப்பட்டுவிட்டேன்.

5.

முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

கென்னா உளியை ஆற்றில் எறிகிறான். [அழகுதான். ஆனால் உளி அரசாங்கத்துடையது. சாயங்காலம் எடைபோட்டுத் திருப்பி வாங்குவார்கள்.]

மேஸ்திரி கண்டும் காணாமல் போய்விடுகிறார். [உங்களுக்கு அந்த ஆளைத் தெரியாது.]

மேஸ்திரி பார்த்துக்கொண்டு நிற்க, கென்னா வெட்டுகிறான். உளி வழுக்கி வளையத்தைத் தாண்டுகிறது. 'மகிழ்ந்திருக்கிறார்' என்பதும் பெயர்ந்து விழுகிறது.

நடந்தது இதுதான். மற்ற இரண்டில் பிடித்ததை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த உரிமை இல்லை.

6.

அறுவடைக்கு முன்பே ஹெனுத் கென்னாவை விட்டுப் பிரிந்தாள். கிழக்குக் கரையில் வாத்து பிடிக்கிற ஒருவனைக் கட்டிக்கொண்டு வடக்கே போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அங்கே ஒரு பெண் பிறந்து, 'பூனை' என்று பெயர் வைத்திருக்கிறாளாம். பூனையை எந்த அரசர் வெட்டச் சொல்லப்போகிறார்?

கென்னா வேறு கட்டவில்லை. செத்தவர்களுக்குப் படைக்கும் பள்ளத்தாக்குத் திருவிழாவுக்கு எல்லாரையும் போல ரொட்டியும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு கல்லறை மேட்டுக்கு ஏறினான். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் படைக்க வேண்டும். வாயைத் திறந்தான். நாலு கல்லறை தள்ளி மேஸ்திரி நின்றிருந்தார்.

"பொண்ணே," என்றான் கென்னா. "வா, வந்து சாப்பிடு."

அந்தச் சரிவில் பெண்பிள்ளை இல்லாத கல்லறையே கிடையாது.