மரத்தடி மண்

நான் உனக்கு என்ன குறை வைத்தேன்? காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. இதற்கு மேல் எதைக் கேட்கிறாய்?

ரத்தினபாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. வாசலில் நின்ற கிறிஸ்துமஸ் மரத்தின் அடியில், பழுப்பேறி உதிர்ந்த ஊசியிலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஜூலையில் தொடங்கிய உதிர்வு. உதிர உதிர அவளும் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போனாள். வேறு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணவர் தினகரன் படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களிலும் அப்படித்தான், அவர் வேண்டாம் வேண்டாம் என்றபோதும் கஞ்சியை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

மரம் அவர் வைத்தது. முடிச்சூரில் இந்த வீட்டுக்குக் குடிவந்த வருஷம், முழ உயரக் கன்றைத் தொட்டியோடு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். இப்போது அது மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நிற்கிறது.

மாடியில் குடியிருக்கும் தம்பி பிரசன்னா இறங்கி வந்து, கார் கண்ணாடியில் கிடந்த ஊசிகளைத் தட்டிவிட்டான்.

"அக்கா, இது முடிஞ்சுபோச்சு. ஒரு நாள் காத்துல நம்ம தலைமேலயே சாயும். வெட்ட ஆளைக் கூப்பிடறேன்."

"நர்சரிக்காரங்க ஒரு தடவை பாக்கட்டும்டா."

"அப்ப ஐசியூவுலயே சேத்துடு," என்று சிரித்தபடி வண்டியை எடுத்தான்.

கூடுவாஞ்சேரியில் நர்சரி வைத்திருக்கும் அம்மணி மறுநாள் வந்தாள். அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு கிளையை வளைத்துப் பிடித்தாள்.

"உள்பக்கத்துல பழைய ஊசி கொட்டுனா பயப்படாத, அது வழக்கந்தான். நுனி காயுது பாரு, அதான் சரியில்ல." விரலை மண்ணுக்குள் விட்டு, எடுத்து முகர்ந்தாள். "இன்னாக்கா, தெனம் தண்ணி ஊத்துறியா?"

"ரெண்டு வேளையும்."

"நல்லா கீது போ! மூழ்கிகினு கீற ஆளுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்குற!"

பிறகு களைக்கொத்தால் அடிமரத்தைச் சுற்றித் தோண்டிப் பார்த்தாள். "வேர் பிரியுற எடத்துல மரம் அகலமா விரியணும். இது நட்ட கம்பம் கணக்கா நேரா உள்ள போவுது. மண்ணு கொட்டுனீங்களா?"

2015 வெள்ளத்துக்குப் பிறகு தெருவே கொட்டியது. தினகரனும் நாலு லாரி மண் அடித்து வாசலை இரண்டடி உயர்த்தினார். மரம் ஆடக்கூடாதே என்று அதைச் சுற்றி அவரே காலால் மிதித்து இறுக்கினார். 'இனி அசையாது பாரு' என்று அவர் சொன்ன குரல் ரத்தினபாயின் காதிலேயே இருந்தது.

"யாரு மண்ணை இப்டி இறுக்கி வச்சது?" என்றாள் அம்மணி.

"வேலையாளுங்க," என்றாள் ரத்தினபாய்.

"வேர் பிரியுற அந்த எடம் தெரியுற மட்டும் மண்ணை எடு. வேரை வெட்டிடாத. மண்ணு சரியாம சுத்தி செங்கல் வை. வெரல் விட்டா காஞ்சு இருக்கணும், அப்பதான் தண்ணி. உரம் கிரம் ஒண்ணும் வேணாம்."

"பொழைக்குமா?"

"இத்தினி வருசமா மூச்சு முட்டிகினு நின்னுகீது. காஞ்ச கெளை திரும்பாது. புதுசா நுனி உட்டா உண்டு. நான் சத்தியம்லாம் பண்ணமாட்டேன்."

ரத்தினபாய் மூன்று நாள் தோண்டினாள். மரத்தருகே வந்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு, கையாலேயே அள்ளினாள். அவர் மிதித்த மண் பாறை மாதிரி இருந்தது. அவர்மேல் கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. தெரியாமல் செய்த இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார், அவ்வளவுதான் என்று தோன்றியது. ஈரத்தில் கறுத்திருந்த பட்டையைப் பழந்துணியால் துடைத்தபோது அவள் அழுதாள், அதிக நேரம் இல்லை.

அக்டோபர் கடைசியில் புயல் எச்சரிக்கை வந்தது. பிரசன்னா குழிக்கு எதிரே வந்து நின்றான்.

"இது ரொம்பினா தண்ணி நேரா உன் ரூமுக்குள்ளதான் வரும். மாமா எதுக்கு மண்ணு கொட்டினாரு? இடுப்பளவு தண்ணில நின்னியே, மறந்துட்டியா? மூடிடலாம்க்கா. அந்த மண்வெட்டியைக் குடு."

அவனும் அவளுக்காகத்தான் சொல்கிறான். அது அவளுக்குத் தெரியும்.

"துணிமணியெல்லாம் பரண்ல ஏத்திட்டேன்டா," என்றாள். "தண்ணி வந்தா நான் மேல உன் வீட்டுக்கு வந்துடுவேன். மூடிட்டா இந்த மரம் எங்க போகும்?"

அவன் கையை நீட்டியபடியே நின்றான். மண்வெட்டியை அவள் கொடுக்கவில்லை.