பூச்செண்டைத் தின்ற ஆடு

லண்டனில் ஸ்ட்ரெதம் பப் ஒன்றில், ஞாயிறு பூசை முடிந்த கையோடு ஐரிஷ்காரர்கள் வட்டமாக இருந்து பிடில் வாசிப்பார்கள். செபமாலைமுத்துவும் வயலினோடு போவான். வட்டத்துக்குள் அவனுக்குக் கதிரை கிடையாது. கக்கூஸ் கதவோரம் ஒரு முக்காலி. போகிறவன் வருகிறவன் எல்லாம் வில்லை இடித்துவிட்டுத்தான் போவான்.

அங்கே ஒரு வழக்கம். மெட்டு யாரிடமிருந்து வந்தது, என்ன கதை என்று சொல்லிவிட்டுத்தான் வாசிக்கவேண்டும். அது எடுபட்டால் உள்ளே இடம்.

முத்துவிடம் ஒரு போல்கா இருந்தது. துள்ளிக் குதிக்கிற ஆட்ட மெட்டு. கூடச் சீமெந்து குழைத்த ஐரிஷ்காரன் ஒருத்தன் வேலைத்தளத்தில் விசிலடித்துக்கொண்டே இருந்த மெட்டு அது. அவனும் வேலையை விட்டுப் போய்விட்டான். கதைக்கு எங்கே போவது?

"சீமெந்து மெஷினடியில பொறுக்கினதெண்டு சொன்னா, திரும்பவும் கக்கூசடிதான்," என்றாள் மனைவி மரியமலர், ஜூஸை உறிஞ்சியபடி. "சும்மா ஏதாவது அவிட்டுவிடுங்கோ."

"பொய் சொல்லவே?"

"அவை சொல்லுறதெல்லாம் வேதவாக்கே?"

முத்து தொண்டையைச் செருமினான். வாயில் வந்தது சொந்தச் சித்தப்பாவின் கலியாணம். மன்னாரை அயர்லாந்து ஆக்கினான். மாலையைப் பூச்செண்டு ஆக்கினான். கலியாணக் காலையில் பூச்செண்டை ஆடு தின்றது. மாப்பிள்ளை ஆட்டைத் துரத்தினான். பொம்பிளை மாப்பிள்ளையைத் துரத்தினாள். அந்த ஓட்டத்துக்குப் பிடில்காரன் வாசித்ததே இது.

வட்டத்தின் மூத்தவர் டோனல் கண்ணைத் துடைத்தார். "அது என்ர அப்பப்பான்ர கலியாணம். ஆனா ஆடில்லை, கழுதை."

"உன்ர அப்பப்பாவோ? அது எங்கட ஊர்க்கதை. மாடு!" என்று எழும்பினார் பக்கத்துக் கதிரை மைக்கல்.

"மாடு பூச்செண்டு தின்னுமே?"

"தின்னாதெண்டு உனக்கு ஆர் சொன்னது, கழுதை?"

இருவரும் மூக்கோடு மூக்கு நின்றார்கள். வீட்டு ஆட்டைக் கழுதையும் மாடும் ஆக்குவதை மரியமலரால் பொறுக்க முடியவில்லை.

"அது ஆடுதான்! இவற்ர சித்தப்பான்ர ஆடு. மன்னாரில நடந்தது. போட்டோவும் கிடக்கு."

போச்சு. முத்து வில்லைப் பெட்டிக்குள் வைக்கப்போனான்.

டோனல் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அங்கேயும் நடந்திருக்கலாம், பிள்ளை. ஆனா எங்கட கழுதைதான் முதல்."

"மாடு!"

சண்டை வாசலுக்குப் போனது. வட்டத்தில் இரண்டு கதிரை காலி. மரியமலர் முத்துவின் விலாவில் இடித்தாள்.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? இருங்கோவன்!"

டோனலின் கதிரை இன்னும் சூடாக இருந்தது. சீமெந்தில் வெடித்த விரலால் முத்து கம்பியை அழுத்தினான். இரண்டாம் சுற்றில் எல்லாக் காலும் தட்டின. வாசலில் சண்டை பிடித்தவர்களின் காலும்தான்.

டோனல் திரும்பி வந்தார். தன் கதிரையைப் பார்த்தார். கக்கூஸ் முக்காலியைப் பார்த்தார். பெருமூச்சோடு முக்காலியில் குந்தினார்.

"கெதியா வாசி, தம்பி," என்றார். "கழுதை இதைவிட வேகமா ஓடினது."