நீர்க்குட நடனம்

“சயாம்ல எடுத்த படங்களக் காட்டச் சொல்லுங்கய்யா.”

பஞ்சாலை கேட்டுவிட்டாள். எதை வேண்டுமானாலும் கேள், சயாம் என்ற சொல்லை மட்டும் ஜப்பான்காரன் முன்னால் வாயில் எடுக்காதே என்று தோட்டத்து ஆபீஸ் கணக்கர், பெரிய கிராணி குலசேகரம் நேற்று விடிகாலைப் பிரட்டிலே, ஆள் எண்ணும்போது, எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தார். பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தன் கேட்டானாம். தலைக்கு மேலே கல்லைத் தூக்கிக்கொண்டு ஒரு பகல் முழுக்க வெயிலில் நிற்க வைத்தார்களாம். அதையும் சொல்லித்தான் எச்சரித்தார்.

இப்போது மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கிராணி பேனாவைக் கீழே வைத்தார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். கோபம் வந்தாலும் குரல் ஏறாது.

“என்ன விசர்க் கதை கதைக்கிறாய், பிள்ளை? நான் சொன்னனான் எல்லோ?”

“சொன்னீங்க. நானுந்தான் கேட்டேன். இப்ப அவர்ட்ட கேளுங்க.”

அவர் என்றது சன்னலோரம் நின்று கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்த ஜப்பான்காரனை. பெயர் மொரித்தா. பட்டாளத்து உடுப்பு போட்டிருந்தான், ஆனால் இடுப்பில் கத்தி இல்லை. ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறத்து ஜனங்களையும் அவர்களுடைய பழக்கவழக்கங்களையும் படம் பிடித்துப் பத்திரிகைக்கு அனுப்புவது அவன் வேலை. தம்பின் ஊர்ப் பக்கம் ஒரு மலாய்க் கல்யாணத்தை எடுத்தான். செரம்பானில் சீனர் கோயிலை எடுத்தான். இங்கே, மந்தினுக்கு உள்ளடங்கிய இந்தத் தோட்டத்தில், தமிழர்களின் பொங்கலை எடுக்க வந்திருந்தான். மாதமோ ஆடி.

“ஆடியில தைப்பொங்கலா? சூரியனே குழம்பிப்போயி மேக்கால உதிக்கப்போவுது” என்று நேற்று, கூட ரப்பர் பால் வெட்டும் மங்கம்மா சொன்னாள். அவள் அப்படித்தான். பிரட்டில் ஜப்பான் பாஷையில் இச்சி, நீ, சான் என்று எண்ணும்போது ‘நீ’ தன் மேல் விழுந்தால், “நானேதான், வேற யாரு?” என்று முணுமுணுப்பாள். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்காமல் நிற்கப் படாதபாடு படுவார்கள்.

சயாம் படங்களைப் பற்றிச் சொன்னதும் அவள்தான். மொரித்தா தங்கியிருந்த பழைய துரை பங்களாவை, பால் வெட்டி முடித்த பிறகு அவள்தான் கூட்டிப் பெருக்குகிறாள். “ஒரு பெரிய புஸ்தகம் வச்சிருக்கான்டி. பூரா படம். யானை, புத்தர் கோயிலு. நம்மாளுங்க மாதிரியும் இருக்கு. நான் தொடப்பத்தோட நின்னு பாத்தேன். அவன் வந்துட்டான்.”

பஞ்சாலையின் புருஷன் சன்னாசி மாசி மாதம் சயாமுக்குப் போனான். ரயில் பாதை போடுகிற வேலை, மூன்றே மாதம், அரிசிச் சோறு என்று சொல்லி ஏற்றிப் போனார்கள். கூடவே அவன் தம்பி முருகையாவும் போனான். ஐந்து மாதமாகிறது. ஒரு துண்டுக் கடுதாசி கிடையாது. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்: எல்லாரும் சௌக்கியம். போன வாரம் புதிதாக ஒன்று சொன்னார்கள். பெண்சாதிகளும் போகலாமாம், புருஷனோடு இருக்கலாமாம். வெள்ளிக்கிழமை லாரி வருகிறது. பஞ்சாலை பேர் கொடுத்துவிட்டாள். இன்று புதன்.

லாரி ஏறுவதற்குள் அவளுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவன் அங்கே இருக்கிறானா, இல்லையா.

“அவன் மொகம் இருக்குதான்னு பாத்துக்கிறேன். இருந்தா ஏறிடறேன். உங்களுக்கும் ஒரு ஆள் கணக்குத் தீருமில்ல?”

கிராணி அவளைப் பார்க்காமல் மொரித்தாவிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மொரித்தாவின் முகம் மலர்ந்தது. தன் படத்தைப் பார்க்க ஒரு தோட்டத்துப் பெண் ஆசைப்படுகிறாள் என்று சொல்லியிருப்பார். அவன் லேசாகக் குனிந்து நிமிர்ந்தான். மரியாதையான ஆள்தான். அடிக்கவில்லை, கத்தவில்லை. தோல்பையிலிருந்து தடித்த புத்தகத்தை எடுத்து, மேசைமேல் அவள் பக்கம் திருப்பிவைத்தான்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அந்தச் சேலையும் அவளுடையதல்ல. படத்துக்காக செரம்பான் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்த இரண்டு பட்டில் ஒன்று. சாயங்காலம் மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று அவளுக்கு, ஒன்று லெட்சுமிக்கு. மற்றப் பெண்களுக்குச் சாக்குத்துணிதான். அவர்கள் பின்வரிசை. தலை மட்டும் தெரிந்தால் போதும், தலையில் பூ வைத்திருந்தால் போதும்.

யானை. புரட்டினாள். ஆறு. மூங்கில் பாலம். புத்த சாமியார்கள். புரட்டினாள்.

முருகையா.

கொழுந்தனை அவளுக்கு உடனே அடையாளம் தெரியவில்லை. தலையில் மயிர் இல்லை, மீசை இல்லை. அந்த மீசைக்காகத்தான் லயத்து வரிசை வீடுகளில் பெண்கள் அவனை அத்தனை கேலி பண்ணுவார்கள். விலா எலும்பை ஒன்றொன்றாக எண்ணலாம். இடுப்பில் ஈரத்துணி. இடது தோளில் ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். தகரத்தில் இரண்டு ஓட்டை. இரண்டிலிருந்தும் தண்ணீர் வளைந்து பீய்ச்சுகிறது. வெயில் பட்டு அது வெள்ளிக் கம்பி மாதிரி மின்னுகிறது. அவனுக்குப் பின்னால் கையில் வெட்டுக்கத்தியோடு ஒருத்தன். படத்தின் ஓரத்தில் அடுக்கிய விறகின் நுனி.

கொள்ளிக்குடம்.

மண்குடத்துக்கு அங்கே எங்கே போவார்கள்? தகரத்தில் செய்திருக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு ஓட்டை, மூன்று சுற்றுக்கு மூன்று. மூன்றாவது முடிந்ததும் திரும்பிப் பார்க்காமல் பின்னால் போட்டுவிட்டு நடக்க வேண்டும். படத்தில் இரண்டு ஓட்டை இருந்தது. ஒரு சுற்று பாக்கி.

முருகையா யாருக்கு மீசை எடுப்பான்? சயாமில் அவனுக்கு இருந்தது ஒரே ஓர் உறவு.

அவளுக்கு அழுகை வரவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் தெரியாதே, அப்படி உடம்பு பூராவும் இருந்தது. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. எழுத்து தெரியாவிட்டாலும் கை தெரிந்தது. கிராணியின் சாய்ந்த கையெழுத்து. பிரட்டுப் புத்தகத்தில் தினமும் பார்க்கிற அதே சாய்வு.

“இது என்னா எழுதிருக்கீங்க?”

கிராணி பேனாவை எடுத்து மறுபடியும் கீழே வைத்தார்.

“நீங்கதானே எழுதினீங்க? படிங்க.”

“நீர்க்குட நடனம்” என்றார் கிராணி. “அறுவடைக் கொண்டாட்டம்.”

“அப்ப நேத்தே பாத்துட்டீங்க.”

“ஓம். நேற்றுக் கண்டனான்.” கண்ணாடியைக் கழற்றினார். “இது என்ன சடங்கெண்டு என்னட்டைக் கேட்டார். அங்க இருந்த ஒப்பீசர் ஏதோ திருவிழா எண்டு சொன்னவராம். செத்தவீடெண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? சயாமில ஒருத்தரும் சாகேல்லை எண்டது உத்தரவு. பிறகு எனக்கும் கல்லுத் தூக்க வேண்டி வரும்.”

“தூக்கியிருக்கலாமே?”

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம். நேத்து சாயங்காலம் லயத்துப் பக்கம் வந்தீங்க. பூ போதுமான்னு கேட்டுட்டுப் போனீங்க.”

“அது சன்னாசிதான் எண்டில்லை, பிள்ளை. அங்க ஆருக்கும் ஆரும் குடம் தூக்குவினம்.”

“தூக்குவாங்க. மீசைய எடுக்க மாட்டாங்க.” புத்தகத்தை மூடினாள். “வெள்ளிக்கெழமை லிஸ்டுல எம்பேர அடிச்சிருங்க.”

“லிஸ்ட் செரம்பானுக்குப் போயிட்டுது.”

“போவட்டும்.”

இத்தனைக்கும் மொரித்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். தன் படம் பிடித்துப்போய்விட்டது என்றே நினைத்திருக்க வேண்டும். அவள் விரல் வைத்திருந்த அந்தப் பக்கத்தைத் திறந்து, தண்ணீரைத் தொட்டுக் காட்டினான். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து ஒரு மண்குடத்தை எடுத்தான். கோயில் மடப்பள்ளிக் குடம். ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, ஓட்டையைக் களிமண்ணால் அடைத்திருந்தான். கிராணியிடம் நிறையப் பேசினான்.

“இந்த நடனத்தை இங்கயும் எடுக்கவேணுமாம்” என்றார் கிராணி, தரையைப் பார்த்தபடி. “ஆம்பிளையளை விடப் பொம்பிளையள் செய்தால் வடிவாயிருக்குமாம். நீ நல்ல உயரமாம். நீதான் குடத்தைத் தூக்கவேணுமாம்.” கொஞ்சம் நிறுத்தினார். “உனக்குச் சுகமில்லை எண்டு சொல்லிவிடுறன்.”

“ஒண்ணும் சொல்ல வேணாம். நான் தூக்கறேன்.”

மொரித்தாவே குடத்தில் தண்ணீர் ஊற்றி, பதமாக அவள் வலது தோளில் வைத்துவிட்டான். அவள் அதை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டாள். அதைப் பார்த்த கிராணி நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்தவர் பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வெளியே பிரட்டுத் திடலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். மூன்று கல் கூட்டி, பொங்கல் பானை வைத்து, கீழே நெருப்பு எரிந்தது. அரிசி இல்லை. மரவள்ளி மாவைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள், நுரை வந்தால் போதுமென்று. பானையின் கழுத்தில் மஞ்சளுக்குப் பதிலாக ஏதோ காட்டுக்கிழங்கு கட்டியிருந்தது. லெட்சுமி மற்றப் பட்டைக் கட்டிக்கொண்டு, அழுக்குப்பட்டுவிடுமே என்று இரண்டு கையாலும் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள்.

மங்கம்மா பின்வரிசை. பஞ்சாலை குடத்தோடு வருவதைப் பார்த்ததும் அவள் வாய் சும்மா இருக்கவில்லை.

“அடியே, மகாராணி மாதிரி வர்றா பாரு. பொங்கலுக்கு எதுக்குடி குடம்? ஜப்பான்காரன் குளிக்கப்போறானா?”

நாலைந்து பேர் சிரித்தார்கள். பஞ்சாலை நேரே அவளிடம் போய் நின்றாள். குடத்தின் களிமண் அடைப்பைக் கட்டைவிரலால் நோண்டி எடுத்தாள். ஒன்று. இரண்டு. தண்ணீர் இரண்டு கம்பியாக அவள் முழங்கையில் வழிந்தது.

“உளி வச்சிருக்கியா?”

பால்மரம் வெட்டுகிற உளியை இடுப்பில் சொருகாமல் மங்கம்மா எங்கும் வரமாட்டாள். “இருக்கு. எதுக்கு?”

“மூணாவது ஒண்ணு போடு.”

மங்கம்மா குடத்தைப் பார்த்தாள். இடது தோளைப் பார்த்தாள். பஞ்சாலையின் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயிலிருந்த கேலி அப்படியே நின்றது.

“சன்னாசியா?”

“முருகையா ரெண்டு சுத்து வந்திருக்கான். படத்துல இருக்கு.”

“பொம்பள தூக்கக் கூடாதுடி.”

“தூக்கச் சொன்னது அந்த ஜப்பான்காரன். போடு.”

மங்கம்மா உளியின் வளைந்த முனையை வைத்து, கையடியால் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். மரத்தில் அளந்து பட்டை சீவுகிற கை அது. குடம் விரியவில்லை. மூன்றாவது கம்பியும் விழுந்தது.

திடலின் ஓரத்தில் முக்காலி மேல் கேமராவை வைத்து, கறுப்புத்துணிக்குள் தலையை விட்டிருந்தான் மொரித்தா. ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, நட, நட என்று சைகை செய்தது.

அவள் நடந்தாள். பானையையும் நெருப்பையும் வலது பக்கம் விடாமல், இடது பக்கமாகவே வைத்துச் சுற்றினாள். கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் சுற்றுகிற சுற்றல்ல அது, எதிர்ச்சுற்று. தண்ணீர் செம்மண்ணில் கோடு போட்டுக்கொண்டே வந்தது. பாதிச் சுற்றில் பெண்களின் சத்தம் அடங்கியது. லெட்சுமியின் கை கொசுவத்தை விட்டது. பட்டு மண்ணில் புரண்டது, அவள் எடுக்கவில்லை. வரிசையில் நின்ற பதினோரு பேரில் எட்டுப் பேருடைய ஆள் சயாமில் இருந்தான்.

பஞ்சாலைக்கு நினைவெல்லாம் எங்கும் போகவில்லை. குடம் கனம் குறைந்துகொண்டே வந்தது. அது தெரிந்தது. காலடி மண் சில்லென்றிருந்தது. அதுவும் தெரிந்தது. சன்னாசி முகத்தை நினைத்துப் பார்த்தால் வரவில்லை. முருகையாவின் மழித்த தலைதான் வந்தது. பாவம், மூன்றாவது சுற்றைத் தனியாக முடித்திருப்பான்.

சுற்று முடிந்த இடத்தில் நின்றாள். நெருப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தோளைச் சாய்த்துக் குடத்தைப் பின்னால் விட்டாள். உடைந்தது. 

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது. நெற்றிப் பொட்டைப் புறங்கையால் துடைத்தாள். பூவைப் பிடுங்கினாள். மங்கம்மா விடியலில் தேடித்தேடிப் பறித்துக் கட்டிய காட்டுமல்லி. அதைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். லயத்துப் பக்கம் அல்ல. ரப்பர் மரங்கள் அடர்ந்த கித்தாக் காட்டுக்குள் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில். அந்தப் பாதை மேற்கே போகும். ஒன்றரை நாள் நடந்தால் புக்கிட் பெலண்டோக். அங்கே அவளுடைய சின்னம்மா மாரியம்மா காட்டை வெட்டி மரவள்ளி போட்டிருக்கிறாள். ஆபீசில் புத்தகத்தை மூடியபோதே அவள் மனசில் அந்தப் பாதை இருந்தது.

பின்னால் ஒரு பெண் கொண்டையை அவிழ்த்தாள் போலும், வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொருத்தி. பிறகு மங்கம்மாவின் குரல் மெல்ல எடுத்தது, “என்னப் பெத்த ராசாவே” என்று. ஒவ்வொரு குரலாகச் சேர்ந்தது. பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டி வட்டமாக உட்கார்வது, பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது.

கேமரா சத்தம் கேட்டது. படத் தட்டை மாற்றி மறுபடியும் ஒன்று. மொரித்தா எதையோ சந்தோஷமாகச் சொன்னான்.

“பஞ்சாலை” என்று கிராணி கூப்பிட்டார். “பஞ்சாலை, நில்லு பிள்ளை.”

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பாஞ்சாலி. கப்பலில் வந்து இறங்கிப் பதிந்த அன்று அவளுக்கு ஆறு வயது. இவருக்கு முன்னே இருந்த கிராணி தப்பாக எழுதினார், அதுவே பேராக நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை லாரியில் கூப்பிடப்போவதும் அந்தப் பேரைத்தான். கூப்பிட்டுக்கொள்ளட்டும். கடைக்காரனின் பட்டை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, அவள் மரங்களுக்குள் நடந்தாள்.