இடம் உண்டு, இந்த வருஷம் இல்லை

அமெரிக்காவின் பஃபலோ நகரில் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பறையில் வேலை பார்க்கும் கொலீன் வோய்சிக் எந்தக் கடிதத்தையும் முழுதாகப் படிக்கமாட்டாள். மகள் டெஸ்ஸுக்கு ஹார்ஸ்டெட் பல்கலைக்கழகத்திலிருந்து வந்ததையும் அப்படித்தான் படித்தாள். "உங்களுக்கு ஓர் இடம் உறுதி" என்ற வரி கண்ணில் பட்டதுமே குதித்தாள். மறுநாள் பல்கலைக்கழகத்தின் பெயர் பொறித்த பலகையை வாங்கிவந்து வாசல் புல்வெளியில் நட்டுவிட்டாள்.

"அம்மா, முதல்ல அதைப் பிடுங்கு" என்றாள் டெஸ்.

"ஏன்டி? ஊருக்கே தெரியட்டும்."

"இந்த வருஷம் என்னை எடுக்கலம்மா. ஒரு வருஷம் வேற காலேஜ்ல படிக்கணுமாம். எந்தப் பாடத்துலயும் கிரேடு பி பிளஸ்ஸுக்குக் குறையக்கூடாது. அவங்க சொல்ற கணக்கும் வேதியியலும் முடிக்கணும். அப்புறம் மறுபடி விண்ணப்பம் போட்டா, ரெண்டாம் வருஷத்துல சேர்த்துக்குவாங்களாம்."

"உறுதின்னு போட்டிருக்கே!"

"உறுதிதான். அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாரு."

அதற்குள் பக்கத்து வீட்டு கஸ் வேலிக்கு அப்பாலிருந்து கையை ஆட்டி வாழ்த்துச் சொல்லிவிட்டார். கொலீன் பல்லைக் கடித்துக்கொண்டு நன்றி சொன்னாள்.

காப்பீட்டுக் கம்பெனிகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் அவள். மதிய இடைவேளையில் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மரியாதை தெரிந்த ஓர் இளைஞன் எடுத்தான்.

"அவள வேணும்னு சொல்றீங்களா, வேண்டாம்னு சொல்றீங்களா?"

"நிச்சயமா வேணும் மேடம். அடுத்த வருஷம்."

"அதுவரை எங்க படிக்கிறது?"

"அதை நாங்க சிபாரிசு பண்ண முடியாது மேடம்."

"இங்க இருக்கிற காலேஜ்ல வேதியியல் எடுத்தா ஏத்துக்குவீங்களா?"

"கடிதத்துல விவரம் இருக்கு மேடம்."

"கடிதத்துல இருந்தா உங்ககிட்ட ஏன்யா கேக்கறேன்!"

போனை வைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று மாலை டெஸ்ஸே உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினாள். ஊர்க் கல்லூரியின் ஒவ்வொரு பாடத்தையும் அதன் எண்ணோடு குறிப்பிட்டு, இது செல்லுமா, அது செல்லுமா என்று கேட்டாள். பத்து நாள் கழித்துப் பதில் வந்தது: எல்லாம் செல்லும், ஆனால் வேதியியலை ஆய்வக வகுப்போடு சேர்த்து எடுக்க வேண்டும்.

செப்டம்பரில் ஊர்க் கல்லூரியில் சேரப் போய்ப் பார்த்தால் ஆய்வக வகுப்பு நிரம்பிவிட்டது. ஊரின் மறுகோடியில் இருந்த அதே கல்லூரியின் இன்னொரு வளாகத்தில் மட்டும் ஓர் இடம் இருந்தது. குளிர்காலம் முழுக்க டெஸ் இரண்டு பஸ் மாறிப் போனாள். இடுப்பளவு பனி கொட்டிய நாளில்கூட வகுப்பை விடவில்லை. கணக்கில் முதல் தேர்வில் வெறும் பிதான் வந்தது. மறுநாள் முதல் டெஸ் வாரம் மூன்று நாள் சந்தேகம் கேட்கப் பேராசிரியரின் அறை வாசலில் போய் நின்றாள். முடிவில் மதிப்பெண் ஒட்டி உரசி பி பிளஸ்ஸைத் தொட்டது.

மே மாதம் ஹார்ஸ்டெட் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. மின்னஞ்சலில் வந்த சேர்க்கைக் கடிதத்தை டெஸ் காட்டினாள். கொலீன் இம்முறை ஒவ்வொரு வரியாக, உதடு அசைய, கடைசிவரை படித்தாள். பிறகு அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள்.

"இதென்னடி... 'வேறு கல்லூரியிலிருந்து மாறிவரும் மாணவர்களுக்கு விடுதி அறை உறுதியில்லை'ன்னு போட்டிருக்கு?"

"ஆமாம்மா."

"காலேஜ்ல இடம் இருக்கு, படுக்க இடம் இல்லையா? வகுப்பு முடிஞ்சதும் மரத்துலயா ஏறித் தூங்குவ?"

டெஸ் சிரித்துவிட்டாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில் அப்படியொரு சிரிப்பு கேட்கவில்லை. கொலீனுக்குச் சிரிப்பு வரவில்லை. போனை எடுத்தாள்.

மூன்று வாரம் முட்டி மோதிய பிறகு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில், டயர் கடை ஒன்றின் மாடியில், இன்னும் இரண்டு பெண்களோடு பங்கு போட்டுக்கொள்ள ஓர் அறை கிடைத்தது. ஆகஸ்ட் இறுதியில் கொலீன் காரில் கொண்டுபோய் விட்டாள். படி செங்குத்தாக இருந்தது. பெட்டிகளை மேலே சேர்ப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"நல்லாத்தானே இருக்கு" என்றாள் டெஸ்.

"ரப்பர் நாத்தம் அடிக்குது" என்றாள் கொலீன். சொல்லிக்கொண்டே மெத்தைக்கு விரிப்பு போடத் தொடங்கினாள்.