சுகந்தி தூங்கிய பத்தொன்பது இரவுகள்

முனீஸ்வரி அன்றைக்குச் சாகப் பார்த்தாள். அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு நூற்பாலையில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டும் வேலை அவளுக்கு. காலை ஷிப்டில் நின்ற நிலையிலேயே கண் சொருகி, ஓடிக்கொண்டிருந்த மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். பக்கத்தில் நின்ற பெண் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்காவிட்டால் முகம் போயிருக்கும்.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "தூக்கத்த வீட்லயே தூங்கிட்டு வாம்மா. இங்க வந்து உசுர விட்டுராத."

வீட்டில் தூங்க முடிந்தால் அவள் ஏன் இங்கே வந்து சாயப் போகிறாள்?

மகள் சுகந்திக்குப் பதினேழு வயது. ஆட்டிசம் என்று ஐந்து வயதிலேயே சொல்லிவிட்டார்கள். பேச்சு வரவில்லை. வேண்டியதை, நம் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். பகலில் அவளால் பெரிய தொந்தரவு இல்லை. ஊர் அடங்கிய பிறகுதான் அவளுக்குப் பொழுது விடியும். ஒற்றை அறைக்குள் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி நடப்பாள். சாப்பாட்டுத் தட்டை எடுத்துக் குடத்தில் தட்டிக்கொண்டே இருப்பாள். இரண்டு மணிக்கு மேல் அசந்தால், நாலு மணிக்கெல்லாம் எழுந்து கதவுப் பக்கம் போவாள். அதனால் முனீஸ்வரி வாசலை மறித்துப் படுத்து, முந்தானையை மகள் கையோடு முடிந்துகொள்வாள். கையை அசைத்தால் இவள் விழித்துவிடுவாள். ஐந்தரைக்கு மில் வேன் வந்துவிடும்.

புருசன் ஜெயபாண்டி திருச்சுழிக்குத் தெற்கே, அவர்கள் ஊர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம் சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவன். விறகை அடுக்கி, வைக்கோல் போர்த்தி, மேலே மண்ணைக் குழைத்துப் பூசித் தீ வைத்தால் வாரக்கணக்கில் உள்ளுக்குள் கனியும். மண் எங்கேயாவது வெடித்து உள்ளே காற்றுப் போய்விட்டால் அத்தனையும் சாம்பல்தான் என்பதால், எரிகிற நாட்களில் ராத்திரியும் அவன் அங்கேயே கிடக்க வேண்டும். பகலில் மகளையும் கூட்டிப்போய்ப் பக்கத்து வேப்ப மரத்தடியில் உட்கார வைப்பான். புகை போவதைப் பார்த்துக்கொண்டு அவள் மணிக்கணக்கில் அசையாமல் இருப்பாள்.

மெஷினில் சாய்ந்த அந்த வாரமே முனீஸ்வரி மகளை மதுரைக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார்.

"தூங்க வைக்க இதுக்கு முன்னாடி ஏதாவது குடுத்தீங்களா?"

முனீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "சளி மருந்து ஒண்ணு குடுத்தேன்மா. கொஞ்சம் கூடவே குடுத்தேன். மறுநாள் பூராம் எச்சி ஒழுகிக்கிட்டுக் கெடந்தா. பயந்துபோயி விட்டுட்டேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. மெலட்டோனின் என்று எழுதிக் கொடுத்தார். "இது மயக்க மாத்திரை இல்ல. ராத்திரி வந்திருச்சுன்னு உடம்புக்குச் சொல்ற ஒரு சுரப்பு எல்லாருக்கும் மூளையில ஊறும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு அது நேரத்துக்கு ஊறாது. அதத்தான் மாத்திரையாக் குடுக்கிறோம். படுக்கிறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடுங்க. அதுக்கப்புறம் லைட்டு, டிவி, செல்போன் எதுவும் வேணாம்."

"விடியிற வரைக்கும் தூங்குவாளாம்மா?"

"சீக்கிரம் தூங்கிருவா. ஆனா நடுவுல எந்திரிக்கிறத இது நிறுத்தும்னு என்னால சொல்ல முடியாது. கவனமா இருங்க."

முதல் ராத்திரி ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் ராத்திரி பத்து மணிக்கு, நடந்துகொண்டிருந்த சுகந்தி பாயில் போய்த் தானாகவே படுத்தாள். தட்டு கையிலேயே இருந்தது. முனீஸ்வரி அதை மெல்ல உருவினாள். மூக்கில் விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தாள். அப்புறம் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதாள்.

பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தூங்கிய நேரத்தையும் எழுந்த நேரத்தையும் எழுதி வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. பத்து மணி, பத்தே கால், ஒன்பதே முக்கால் என்று வரிசையாக எழுதினாள். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு, "இப்பெல்லாம் உங்க வீட்ல சத்தத்தையே காணமே" என்றாள். மில்லில் முனீஸ்வரிக்குப் பசி எடுத்தது. இத்தனை வருசத்தில் பசி என்ற ஒன்றையே மறந்திருந்தாள்.

எழுந்த நேரம் என்ற கட்டத்தில் மட்டும் நாலு, நாலே கால் என்றே வந்தது. அது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆறு மணி நேரம் தூங்குகிறாளே, போதாதா? முந்தானை முடிச்சு இழுபட்டு மகளுக்குத் தூக்கம் கெடுகிறது என்று பதினைந்தாம் நாளிலிருந்து முடிச்சுப் போடுவதையும் நிறுத்தினாள்.

கடைசியாகக் கணக்குப் பார்த்தபோது சுகந்தி தூங்கிய ராத்திரிகள் பத்தொன்பது. பத்தொன்பதாவது ராத்திரி முனீஸ்வரியும் தூங்கினாள். அரைத்தூக்கம் இல்லை. பத்துப் பன்னிரண்டு வருசத்துத் தூக்கம் மொத்தமாக வந்து அமுக்கியது போன்ற தூக்கம். மகள் தன்னைத் தாண்டிப் போனதும், தாழ்ப்பாள் விலகியதும் அவளுக்குத் தெரியாது. யாரோ கதவில் அறைந்தபோதுதான் எழுந்தாள். வெளியே வெளுத்திருந்தது.

சுகந்தி இருட்டுக்குள் கண்மாய்க் கரை வழியே நடந்து, தினமும் அப்பாவோடு போகும் இடத்துக்குத்தான் போயிருக்கிறாள். மூட்டம் எரிந்து முடிகிற தறுவாய். மேலே சாதாரண மண் மேடு மாதிரி இருக்கும். உள்ளே அத்தனையும் கங்கு. அதன் மேல் ஏறியிருக்கிறாள். மண் உள்வாங்கிவிட்டது. ஜெயபாண்டி வெறுங்கையால் கங்கைத் தோண்டி அவளை வெளியே இழுத்தான்.

மதுரை ஆஸ்பத்திரியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வலது காலில் விரல்கள் இல்லை. வலிக்கு ஊசி போட்டும் சுகந்தி நாலு ராத்திரி தூங்கவில்லை. வராத வார்த்தைகளுக்குப் பதிலாக ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டாள். கட்டைப் பிய்த்தாள். வார்டு டாக்டர், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் போனில் பேசிவிட்டு, பழைய மாத்திரையையே இரவில் கொடுக்கலாம் என்றார்.

ஜெயபாண்டி எழுந்தான். இரண்டு கையிலும் கட்டு. "அந்த எழவ இனி அவ வாயில வைக்கக் கூடாது. மாத்திரையக் குடுத்து மாத்திரையக் குடுத்துத்தான எம்பிள்ளைய இப்படிக் கெடத்திட்ட?"

"மாத்திரையா அவள நடக்க வச்சுச்சு? அது வாரதுக்கு முன்னாடியும் நாலு மணிக்குத்தான் எந்திரிச்சா."

"அப்ப நீ என்ன பண்ணிக்கிட்டு இருந்த?"

"தூங்குனேன்." அவள் குரல் உயரவில்லை. "நான் தூங்கிட்டேன். ஊருக்கெல்லாம் சொல்லுங்க. ஆனா மூட்டத்துக்குப் பக்கத்துல காவலுக்கு நீங்கதான இருந்தீக? அவ ஏறுற வரைக்கும் நீங்க எங்க பார்த்துக்கிட்டு இருந்தீக?"

 அவன் வராண்டாவுக்குப் போய்விட்டான். வெகு நேரம் கழித்து அவள் போய்ப் பார்த்தபோது, கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

"நானும் தூங்கிட்டேன் புள்ள," என்றான். "இவ தூங்க ஆரம்பிச்சதுல இருந்து எனக்கும் மனசு அடங்கிருச்சு. கட்டில்ல சாஞ்சேன். அவ கத்துன பெறகுதான் கண்ணத் தொறந்தேன்."

முனீஸ்வரி அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  நர்ஸ் வந்து கூப்பிட்டபோது எழுந்து போய், மாத்திரையைத் தண்ணீரோடு மகளுக்குக் கொடுத்தாள். பின்னாலேயே வந்து நின்ற ஜெயபாண்டி தடுக்கவில்லை. பதினொரு மணிக்கு அந்தச் சத்தம் நின்றது. வார்டில் மற்றவர்களும் தூங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தார்கள். முனீஸ்வரியின் இடத்தில் மில்லில் வேறு ஆள் சேர்ந்திருந்தது. ஜெயபாண்டியின் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அரிவாள் பிடிக்க வராது. மல்லாங்கிணற்றில் ஒரு கடையில் மூட்டைகளுக்குக் காவலாக உட்காரப் போனான்.

வந்த மறுநாள் சண்முகவடிவு பார்க்க வந்தாள். சுகந்தியின் தலையைத் தடவினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கெட்ட மனசுக்காரி இல்லை அவள். கிளம்பும்போது வாசலில் நின்று, "கவலைப்படாத முனீஸு. இனிமே அவ எங்கயும் எந்திரிச்சுப் போக மாட்டா. நீயாவது நிம்மதியாத் தூங்கலாம்" என்றாள்.

 முனீஸ்வரி உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். அடுப்படியில் போய் உட்கார்ந்தாள். சண்முகவடிவு சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

இப்போது சுகந்தி ஒன்பதரைக்குப் படுத்தால் பத்து மணிக்குத் தூங்கிவிடுகிறாள். நாலு மணிக்கு விழித்து, முழங்காலால் நகர்ந்து கதவுவரை போகிறாள். அங்கே முனீஸ்வரி விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள். மகளைத் தூக்க அவளுக்குப் பலம் போதாது. அவளும் தரையில் உட்கார்ந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு, வெளுக்கும் வரை இருவரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.