கயிற்றின் இந்த முனை

ஏசியிலிருந்து காற்று வந்தது, குளிர் வரவில்லை. பாத்திரக்கடை முதலாளி பனியனை மார்புவரை சுருட்டிவிட்டுக்கொண்டு கட்டிலின்மேல் ஏறி நின்றார். கொதிக்கிற அண்டாவின் மூடியைத் திறந்தாற்போல முகத்தில் அடித்தது.

"கரண்டு பில் கட்டி வெந்நிக் காத்து வாங்கற வீடு நம்ம வீடுதான்" என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

கடைவீதியில் அவருக்குப் 'பாதி' என்று பெயர். எவன் எந்தப் பொருளுக்கு என்ன விலை சொன்னாலும், சொன்னவன் வாயை மூடுவதற்குள் "பாதி" என்பார். பல் பிடுங்கப் போன இடத்தில், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மருத்துவரிடம் "பாதி" என்றவர். தெரிந்த கடைக்காரர்கள் அவரைக் கண்டதும் ரெட்டை விலை சொல்வார்கள். அவர் பாதியாக்கியதும் தலையில் கைவைத்துக் கண் கலங்கிப் பொருளைக் கட்டிக் கொடுப்பார்கள். அந்த அழுகையை நினைத்து நினைத்து வீடு வரும்வரை சிரித்துக்கொண்டு வருவார். ஏமாறுகிறவனுக்குத் தான்தான் ஏமாற்றினோம் என்ற நினைப்பு இருந்துவிட்டால், அவனைப் போல நல்ல வாடிக்கையாளர் உலகத்தில் கிடையாது.

ஏசி உடனே ஓடியாக வேண்டும். மகளைக் கொடுக்கப் போகிற வீட்டுச் சம்பந்தி நாளை மறுநாள் குடும்பத்தோடு வருகிறார். "நம்ம வீட்டுல வந்து உக்காந்தீங்கன்னா போர்வை கேப்பீங்க" என்று போனில் அளந்துவிட்டாயிற்று.

முதலில் வந்த மெக்கானிக் மூக்குக்கண்ணாடிக்காரர். வாய் கொஞ்சம் நீளம். பெட்டியைத் திறந்து பில்டரை உருவினார். கம்பளி மாதிரி அழுக்கு படிந்திருந்தது.

"இதை எப்பக் கழுவினீங்க?"

"கழுவணுமா?"

"குளிக்கிறது மாதிரிதான். கட்டாயம்னு சட்டம் ஒண்ணும் இல்ல."

மேலும் நோண்டிப் பார்த்துவிட்டு, கேஸ் குறைந்திருக்கிறது என்றார். பாதி துள்ளிக் குதித்தார். போன வருஷம்தான் போட்டேன், அதற்கு முந்தின வருஷமும் போட்டேன் என்றார்.

"கேஸ் என்ன ஸ்கூட்டர் பெட்ரோலா, ஓட ஓடத் தீர்றதுக்கு? பைப்புல எங்கயோ ஒழுகுது. அதை அடைக்காம மேல மேல ஊத்தியிருக்கான். உங்களை வருஷ வாடிக்கையாப் பிடிச்சு வெச்சிருக்கான்."

"அவன் பாதி விலைக்கில்ல போட்டுக் கொடுத்தான்."

"அதான் பாதி வேலை பார்த்துட்டுப் போயிட்டான்."

பிறகு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். ஏசியின் வெளிப்பெட்டி, நாலாவது மாடியின் வெட்டவெளிச் சுவரில், கைக்கு எட்டாத தூரத்தில் இரும்புத் தாங்கியின்மேல் உட்கார்ந்திருந்தது. அதை வைக்கப் பால்கனி இல்லாமல் இல்லை. அதில் விற்காத டிபன் கேரியர்கள் அட்டைப்பெட்டிகளோடு கூரைவரை குடியிருந்தன. தகரத்துக்கு நிழல், மனிதனுக்கு அந்தரம்.

"ஒழுகறது அந்தப் பெட்டிகிட்ட பைப்பு மூட்டுலதான். அடைக்கிற வேலை சின்னது. அங்க போய்ச் சேர்றதுதான் பெருசு. ரெண்டு ஆளு வரணும், பெல்ட்டு மாட்டணும், மொட்டை மாடியில கயிறு கட்டணும். கூலியில முக்காவாசி அதுக்குத்தான்" என்று சொல்லி, விலையையும் சொன்னார்.

"பாதி."

கண்ணாடிக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். "நாலாவது மாடியிலேர்ந்து பாதி தூரம் மட்டும் விழ முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"திமிரு. தொழில் தெரிஞ்சவனுக்கெல்லாம் திமிரு" என்றார் பாதி. ஆனை வாங்கக் காசிருந்தவருக்கு அங்குசம் வாங்கும்போதுதான் வயிறு எரியும்.

மறுநாள் வந்தவர் வேறு வார்ப்பு. ஒல்லி உடம்பு, நரைத்த மீசை, எதைச் சொன்னாலும் "சரிங்கண்ணே". வியாபாரிக்கு இப்படி ஒருவன் கிடைப்பது புதையல். பாதி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கறிக்கடையில் கொழுப்பை நீக்கச் சொல்கிறவர் போல ஒவ்வொன்றாகக் கழித்தார்.

"மொட்டை மாடிக்கெல்லாம் போக வேணாம். இந்த ஜன்னல் வழியாவே இறங்கிடலாம்."

"சரிங்கண்ணே."

"பெல்ட்டுக்கு ஏன் வாடகை? கயிறு போதும்ல?"

"சரிங்கண்ணே."

"கூட இன்னொரு ஆளு எதுக்கு?"

"கயிறு பிடிக்கண்ணே."

"கயிறு பிடிக்க ஒரு ஆளா? நான் பிடிக்கிறேன். அண்டா தூக்கி வளர்ந்த உடம்பு இது."

ஒல்லியானவர் ஜன்னலைப் பார்த்தார். முதலாளியின் உடம்பை ஒருமுறை பார்த்தார். இந்தத் தடவை "சரிங்கண்ணே" வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஆனாலும் வந்தது.

"ஏங்க, விளையாடாதீங்க. ஆளை வெச்சே செய்யுங்க" என்றாள் மனைவி.

"உனக்கு வியாபாரம் தெரியாது. உள்ளே போ."

கயிற்றின் ஒரு முனை மெக்கானிக்கின் இடுப்பில். அது ஜன்னல் விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து, கட்டில் காலை ஒரு சுற்றுச் சுற்றி, முதலாளியின் கையில் முடிந்தது. ஒரு மனிதனின் மொத்தக் கனமும் வீட்டுக்குள் வந்து சேரும் முனை அது. பாதிக்கு அது கயிறாகத்தான் தெரிந்தது. மிச்சம் பிடித்த ஆள்கூலியை மனத்துக்குள் எண்ணியபடி, மாடு பிடித்தவர் மாதிரி கால் அகட்டி நின்றார்.

வெளியே சாண் அகல விளிம்பில் பக்கவாட்டில் நகர்ந்த மெக்கானிக், பெட்டியருகே போய்ச் சேர்ந்தார். "மூட்டு தெரியுதுண்ணே. சாயப் போறேன், இறுக்கிப் பிடிங்க" என்று குரல் வந்தது.

அப்போது போன் அடித்தது. பாதி அதைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். கடைப்பையன் பேசினான்: கல்யாணப் பார்ட்டி பெரிய அண்டாவுக்கு விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

"குறைக்காதே" என்றார் பாதி. "தரமான சாமானுக்கு எவனாவது பேரம் பேசுவானா? கை கால் தேய உழைச்சவன் வயித்துல அடிக்கலாமான்னு கேளு."

கேட்பவன் எதிரில் நிற்பதாக நினைத்து, வழக்கம்போல வலக்கையை வீசிப் பேசினார். கயிறு அந்தக் கையில்தான் இருந்தது.

கயிறு ஓடியது. கட்டில் கிறீச்சென்று ஜன்னல் பக்கம் இழுபட்டது. வெளியே ஏதோ தகரத்தில் மோதும் சத்தம் கேட்டது. முதலாளி இரண்டு வெறுங்கைகளோடு நின்றார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த மனைவி, தரையில் பாம்பு மாதிரி ஓடிக்கொண்டிருந்த கயிற்றின்மேல் விழுந்து பிடித்தாள். உள்ளங்கைத் தோல் கயிற்றோடு போனது. அவள் விடவில்லை.

"பிடிய்யா" என்றாள். இத்தனை வருஷக் குடும்பத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை. அவர் பிடித்தார்.

மெக்கானிக் ஒரு கையை இரும்புத் தாங்கியில் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தார். இருவரும் இழுக்க இழுக்க, விளிம்பில் முட்டியை ஊன்றி ஏறி, ஜன்னல் வழியாகத் தலைகுப்புற அறைக்குள் விழுந்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கிழிந்திருந்தது. ஒரு தோள் இறங்கிப்போய்த் தொங்கியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவருக்குப் பல் கிட்டித்தது. தரையில் கிடந்த போன், "மொதலாளி, பார்ட்டிகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

பாதி அதை அணைத்தார். நெற்றியைத் துடைத்தார். ஜன்னலை எட்டிப் பார்த்தார். பிறகு அவருடைய வாயிலிருந்து வந்தது இதுதான்: "அந்த ஒழுகலை அடைச்சாச்சா?"

மெக்கானிக் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க ஒவ்வொண்ணாக் குறைச்சீங்க, நான் தலையாட்டினேன். வேலையில்லாம ஒரு மாசமா உக்காந்திருக்கறவன் வேற என்னண்ணே சொல்லுவான்? நீங்களாவது யோசிச்சிருக்கலாம்."

அதில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பாதி பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பார். இப்போது அந்த வழியும் இல்லை. தன் காலி உள்ளங்கைகளைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. மனைவியின் கைகளைப் பார்த்தார். கட்டிலில் மெல்ல உட்கார்ந்தார்.

மனைவி கையில் துணியைச் சுற்றிக்கொண்டு மெக்கானிக்கை எழுப்பினாள். "வாங்கண்ணே, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்."

"நானும் வர்றேன்" என்றார் பாதி. "அங்க என்ன செலவானாலும் நான் கொடுக்கிறேன். அந்தக் கண்ணாடிக்காரரையே ரெண்டு ஆளோட வரச் சொல்றேன். அவர் சொன்னது சொன்னபடி. சம்பந்திக்கு வேர்த்தா வேர்க்கட்டும். இனிமே யார்கிட்டயும் பேரமே பேசமாட்டேன்."

வாசலில் நின்ற மனைவி திரும்பினாள்.

"பேசுங்க. தாராளமாப் பேசுங்க. பாத்திரத்துக்குப் பேசுங்க, பூட்டுக்குப் பேசுங்க, அது வியாபாரம். ஆனா வேலைக்கு வந்தவன் பத்திரமா வீடு போய்ச் சேர்றதுக்கும் சேர்த்துத்தான் கூலி. அதுல பேரம் பேசறதுக்குப் பேர் சாமர்த்தியம் இல்ல, கொலை. அந்த வித்தியாசம் தெரியாதவன் கடை வெச்சு என்ன, ஏசி மாட்டி என்ன?"