சுத்தியல் வைத்தியம்

என் மச்சான் திங்கட்கிழமை காலை ஒரு பெரிய சூட்கேசோடு வந்து இறங்கினார். சூட்கேஸ் காலி. அத்தையின் துணிமணிகளை அடுக்கிக்கொண்டு போவதற்காகவே வாங்கியது.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அத்தை அவளுடைய அம்மா, என்னோடுதான் இருக்கிறார். என் மனைவி இறந்து பதினொரு மாதம் ஆகிறது. ஒரு செவ்வாய்க்கிழமை, அலுவலகப் படிக்கட்டில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்து. வயது முப்பத்தொன்று. கேட்டவர்களுக்கெல்லாம் இவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

அத்தைக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முன்பு மகள் அழைத்துப் போவாள், பதினெட்டு வயதான தன் ஹேட்ச்பேக் காரில். அவள் போனபின் ஆஸ்பத்திரி வேன் வந்தது. இந்த வியாழனோடு வேன் எங்கள் பக்கம் வராது என்று கடிதம் வந்துவிட்டது. விடியற்காலையில் வாடகைக் கார் கூப்பிட்டால் வரும், வராமலும் போகும். என்னிடம் இருப்பது இருசக்கர வண்டி. டயாலிசிஸ் முடித்த உடம்பை அதில் உட்கார வைக்க முடியாது.

ஆகவே மச்சானிடம் ஒரு திட்டம் இருந்தது. அம்மாவை ஏழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போவது. ஒன்பதாவது மாடி. இஸ்திரி பலகையும் நடைப்பயிற்சி இயந்திரமும் நிற்கும் மூன்றாவது அறை.

"அங்க ஆஸ்பத்திரி இன்னும் பெருசும்மா."

"ஆஸ்பத்திரி பெருசா இருந்து என்னடா பண்ண? இங்க இருக்கற நர்ஸ் ஒரே குத்துல நரம்பைப் புடிச்சிடுவா. போன தடவை உங்க ஊர்ல நாலு குத்து. கை பூசணிக்கா மாதிரி வீங்கிப் போச்சு."

"அதுக்காக? வேன் இல்ல, ஆள் இல்ல. எப்படிம்மா போவ?"

அத்தை ஜன்னல் வழியாகக் கார் கொட்டகையைப் பார்த்தார். தூசி மூடிய கார் அங்கே பதினொரு மாதமாக நின்றது.

"சனிக்கிழமை காலைல அந்த வண்டியில நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன்னா இங்கயே இருப்பேன். மாப்பிள்ளை ஓட்டட்டும். போக முடியலன்னா வாயை மூடிக்கிட்டு உன்கூட வர்றேன்."

மச்சான் உடனே ஒப்புக்கொண்டார். செத்த பாம்பை அடிக்கிற பந்தயம். யார்தான் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

ஆனால் அவருக்கு ஒரு வியாதி உண்டு. குளிர்சாதனப் பெட்டி விற்கும் நிறுவனத்தில் மேலாளர். கையில் ஒருநாளும் கிரீஸ் பட்டதில்லை. ஆனால் பழைய கார் பிரியர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் அவர்தான் நாட்டாமை. இருநூற்றுச் சொச்சம் பேருக்கு நோய் பார்த்து மருந்து சொல்பவர். அப்படிப்பட்டவர் கண் முன்னால், ஆங்கிலம் படித்துவிட்டு மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நான் பானெட்டைத் திறப்பதா? வண்டி ஓடக் கூடாது என்பது அவர் ஆசை. ஒருவேளை ஓடினால் அது தன் கையால்தான் ஓட வேண்டும் என்பது அதைவிடப் பெரிய ஆசை.

"தள்ளுங்க மாப்ள," என்றார். "இது டிக்ஷனரி இல்ல."

சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை. பதினொரு மாதம் நின்ற பேட்டரி. அது எனக்கே தெரிந்தது. பேட்டரியை எடுக்க பானெட்டைத் திறக்க வேண்டும். அதைத் திறக்கும் கைப்பிடி ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில், பக்கவாட்டுப் பலகையில் இருந்தது. துருப்பிடித்து அசையவில்லை.

"கொஞ்சம் எண்ணெய் விட்டுட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு இழுக்கலாமே மச்சான்."

"எண்ணெய்லாம் தலைக்குத்தான் மாப்ள. இரும்புக்கு இரும்புதான் பாஷை."

சுத்தியலால் அந்தப் பலகையில் நாலு போடு போட்டார். நாலாவது அடியில் பானெட் திறந்துகொண்டது. பலகையில் ஒரு குழி விழுந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு முழுப் பட்டமளிப்பு விழா இருந்தது.

புது பேட்டரி போட்டோம். ஸ்டார்ட்டர் சுற்றியது. நன்றாகவே சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. கர், கர், கர் என்று ஆரம்பித்து, தொண்டையைச் செருமிவிட்டுப் பேச மறந்த பேச்சாளர் மாதிரி நின்றுவிட்டது.

அன்றிலிருந்து வைத்தியம் ஆரம்பமானது.

செவ்வாய்க்கிழமை ஸ்பார்க் பிளக்குகள். நான்கையும் கழற்றினார். ஒன்றில் எண்ணெய் ஒட்டியிருந்தது. "மாட்டிக்கிட்டான் பாருங்க குற்றவாளி!" என்று அதைத் தூக்கிப் பிடித்து படம் எடுத்துக் குழுவில் போட்டார். பதினாறு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். புது பிளக் போட்டோம். கர், கர், கர்.

புதன்கிழமை, பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில். புதுசு போட்டும் அதே கர். அடுத்து காற்று ஃபில்டர். அதற்குள் ஒரு எலிக்கூடு இருந்தது. பஞ்சும் காகிதமும் வைத்து, என் வாடகை வீட்டைவிட ஒழுங்காகக் கட்டப்பட்டது. எலி எப்போதோ காலி செய்துவிட்டிருந்தது. மச்சானின் முகம் மலர்ந்தது. காரின் எல்லாப் பாவத்தையும் சுமக்க ஒரு ஜீவன் கிடைத்தாயிற்று. கூட்டை எடுத்தோம். ஃபில்டரை மாற்றினோம். கர், கர், கர். எலி நிரபராதி.

பக்கத்து வீட்டில் இருப்பவர் லிஃப்ட் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். லிஃப்ட்காரர் என்றுதான் தெருவில் பெயர். மதில்மேல் முழங்கை ஊன்றி மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்ரோல் கெட்டுப் போயிருக்கும் சார்."

"கெட்டுப் போறதுக்கு அது என்ன பாலா?" என்றார் மச்சான்.

"பாலும் கெடும், பெட்ரோலும் கெடும், நல்லா இருக்கற வண்டி கூட கெடும். எல்லாம் யாரு கையில கிடைக்குதுங்கறதப் பொறுத்தது."

மச்சான் அதைக் காதில் வாங்காத மாதிரி இருந்துவிட்டு, வியாழக்கிழமை காலை அது தன் சொந்த யோசனை என்பதுபோல் பெட்ரோலை இறக்கச் சொன்னார். இறக்கினோம். புது பெட்ரோல் ஊற்றினோம். பெட்ரோல் ஃபில்டரையும் மாற்றினார். கர், கர், கர். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல் என்பார்கள். எங்கள் கூடத்தில் அதற்குள் தரை, சுவர், கூரை மூன்றையும் மாற்றியிருந்தோம்.

கடைசி வேனில் போய்வந்த அத்தை அன்று மதியம் சோபாவில் சாய்ந்திருந்தார். டயாலிசிஸ் முடிந்த நாளில் அவருக்குப் பேசத் தெம்பு இருக்காது. அடுத்த அறையில் மச்சான் தன் மனைவியிடம் போனில் பேசியது கூடம் வரை கேட்டது.

"அந்த ரூம்ல இருக்கற மெஷினைத் தள்ளி வை... இல்லடி, ஓடாது. ஸ்டார்ட் ஆனாத்தான் என்ன? பதினெட்டு வருஷ டப்பா, நடு ரோட்ல நின்னா யாரு பொறுப்புன்னு ஒரு வார்த்தை கேட்டா அம்மா அடங்கிடுவாங்க."

அத்தை கண்ணை மூடியபடியே இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். "மாப்பிள்ளை," என்றார் மெதுவாக. "அங்க போனா நான் ஆறு மாசம்தான் இருப்பேன்."

இந்த வீட்டில் அந்தக் கணக்கு தெரியாதவர்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை மச்சான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் காரில் போய் உட்கார்ந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் கிளவ் பாக்ஸைத் திறந்தேன். காரோடு வந்த கையேடு இருந்தது. முதல் நாளே அதை எடுத்துக் கொடுத்தேன். "அதெல்லாம் ஓட்டத் தெரியாதவங்களுக்கு" என்று மச்சான் உள்ளே போட்டுவிட்டிருந்தார். படிப்பது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த வேலை. படித்தேன்.

இன்ஜின் சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: சாவியை ஒரு கட்டம் திருப்பி நிறுத்தவும். பின் சீட்டுக்கு அடியில் பெட்ரோல் பம்பு இரண்டு நொடி முனகும் சத்தம் கேட்கிறதா?

திருப்பினேன். கேட்கவில்லை. நாலு நாளில் யாருமே கேட்டுப் பார்க்கவில்லை. மச்சான் பேசிக்கொண்டே இருந்ததால் கேட்டிருக்கவும் முடியாது.

அடுத்த வரி: ஃபியூஸ். எடுத்துப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அதற்கடுத்து ரிலே, மின்சாரத்தைத் திறந்து மூடும் சிறு பெட்டி. ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே மாதிரி ரிலே, இடம் மாற்றிப் பார்க்கலாம் என்று போட்டிருந்தது. மாற்றினேன். ஹாரன் அடித்தது. பம்பு பேசவில்லை.

நான்காவது வரிக்குப் பக்கத்தில் ஒரு சிறு படம். விபத்து நேர்ந்தால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்காமல் இருக்க, பலத்த அடி விழுந்த மாத்திரத்தில் பம்பை நிறுத்திவிடும் ஒரு சுவிட்ச். மேலே ஒரு சிவப்புப் பொத்தான். அடி விழுந்தால் பொத்தான் மேலே எழும்பிவிடும். அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். இருக்கும் இடம்: ஓட்டுநர் கால் பக்கம், பானெட் கைப்பிடிக்குப் பின்னால், பக்கவாட்டுப் பலகையின் உள்ளே.

குனிந்து பார்த்தேன். குழி விழுந்த அதே பலகை.

இரண்டு திருகுகளைக் கழற்றினேன். சிவப்புப் பொத்தான் எழும்பி நின்றது. பாவம், அதன் அறிவுக்கு எட்டியபடி திங்கட்கிழமை காலை பெரிய விபத்து ஒன்று நடந்திருந்தது. அதைத் தப்பென்றும் சொல்ல முடியாது. வண்டிக்கு இருந்த நோய் பேட்டரி ஒன்றுதான். மற்ற நோயெல்லாம் வைத்தியர் கொண்டுவந்தது.

அழுத்தினேன். சாவியை ஒரு கட்டம் திருப்பினேன். பின் சீட்டுக்கு அடியில் இரண்டு நொடி முனகல்.

இன்னொரு கட்டம் திருப்பினால் இன்ஜின் பிடித்துவிடும். கை சாவியில்தான் இருந்தது. உள்ளே போய், கையேட்டை விரித்து வைத்து, சுத்தியலையும் பக்கத்தில் வைத்து, மச்சானை எழுப்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பல மாதங்களில் நான் ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான். ஆனால் நான் ஓட வைத்த வண்டி நடு ரோட்டில் நிற்கும் வண்டி. யார் பொறுப்பு என்ற கேள்வி தயாராக இருந்தது. மச்சான் ஓட வைத்த வண்டியோ நிற்கவே நிற்காது.

சாவியைப் பழைய நிலைக்குத் திருப்பி எடுத்தேன். பலகையை மாட்டினேன். உள்ளே போய் அவரை எழுப்பினேன்.

"மச்சான், நீங்க போட்ட அந்த பெட்ரோல் ஃபில்டர் குழாயோட பட்டி கொஞ்சம் இறுகலயோன்னு ஒரு சந்தேகம். எனக்கு இதெல்லாம் தெரியாது. நீங்க ஒரு தடவை பாத்துட்டீங்கன்னா..."

"அதானே. நான் நெனச்சேன். காத்து இழுக்கும் மாப்ள. அதான் விஷயம்." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். காருக்கு அடியில் படுத்து, ஸ்க்ரூடிரைவரால் கால் திருப்பு திருப்பினார். எழுந்து வந்து உட்கார்ந்தார். சாவி. கர், கர், பிடித்துக்கொண்டது.

கொட்டகை முழுக்கப் புகை. நாலு நாள் தொண்டையைச் செருமியதற்கும் சேர்த்து இன்ஜின் கத்தியது. மச்சான் அதைவிட சத்தமாகக் கத்தினார். போனை என் கையில் திணித்தார்.

"வீடியோ எடுங்க! எடுங்க மாப்ள!"

எடுத்தேன். அத்தை வாசலுக்கு வந்தார். லிஃப்ட்காரர் மதில்மேல் வந்தார்.

"கால் திருப்பு நண்பர்களே! வெறும் கால் திருப்பு!" என்றார் மச்சான் போனைப் பார்த்து. "கம்பெனிக்காரன் முழுசா பிரிச்சுப் போட்டிருப்பான். அனுபவம்னா இதான்."

"ஓடுறது சரி மச்சான்," என்றேன், போனைப் பிடித்தபடியே. "நம்பிப் போகலாமா?"

"என்ன கேள்வி இது? நான் கை வச்ச வண்டி. அஞ்சு வருஷத்துக்கு யாரும் பானெட்டைத் திறக்க வேண்டாம். குழந்தையை வச்சுக்கிட்டு கூட ஓட்டலாம், வயசானவங்களை வச்சுக்கிட்டும் ஓட்டலாம். எழுதியே தரேன்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பதைப் பள்ளியில் படித்திருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. மச்சான் தன் கையாலேயே வீடியோவைக் குழுவில் போட்டார். இருநூற்றுச் சொச்சம் சாட்சிகள்.

அத்தை இன்ஜினின் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திச் சொன்னார்: "அப்ப நாளைக்கு நான் இதுலயே போறேன்டா. நீ கை வச்சதாச்சே."

மச்சானின் வாய் திறந்தபடி நின்றது. எலி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பழி போட ஏதோ ஒன்றைத் தேடும் முகம்.

"இல்லம்மா... பழைய வண்டி... வழியில ஏதாவது..."

"எழுதித் தரேன்னீங்களே சார்," என்றார் லிஃப்ட்காரர் மதில்மேலிருந்து. "பேனா வேணுமா?"

சனிக்கிழமை ஐந்தரை மணிக்கு அத்தையை முன் சீட்டில் ஏற்றினேன். மச்சான் வாசலில் நின்று டயர்களை ஒவ்வொன்றாக உதைத்துப் பார்த்தார். சுத்தியல் கையில் இல்லாத வரை எனக்குக் கவலை இல்லை.

தெரு முனை தாண்டியதும் அத்தை கேட்டார்: "நெஜமா என்ன கோளாறு?"

சொன்னேன். சுத்தியல், பலகை, சிவப்புப் பொத்தான், கையேட்டின் நான்காவது வரி.

அத்தை சிரித்தார். சிரித்து, இருமி, மறுபடி சிரித்தார். "அவனுக்குத் தெரிய வேண்டாம். பாவம், மானஸ்தன்." கொஞ்சம் கழித்து, "அவ இருந்திருந்தா ரோட்ல போறவனை எல்லாம் நிறுத்தி வச்சுச் சொல்லியிருப்பா," என்றார்.

"ஆமா," என்றேன். அவளைப் பற்றி யாராவது பேசினால் நான் சாலையைப் பார்ப்பது வழக்கம். இந்த முறை சாலையைப் பார்க்க வேண்டிய வேலையும் இருந்தது.

பாதி வழியில் மச்சான் போன் செய்தார். அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

"வண்டி எப்படிம்மா ஓடுது?"

"நீ செஞ்ச வண்டியாச்சே, தேர் மாதிரி போகுது. நீ கிளம்பறதுன்னா கிளம்புடா. பஸ்ஸுக்கு நேரமாகுது பாரு."

ஆறுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தினேன். நிறுத்தும்போது பின் சக்கரத்திலிருந்து ஒரு கிறீச். நின்றே கிடந்ததில் பிரேக்கில் துரு ஏறியிருக்கும். கையேட்டில் நாற்பத்தோராம் பக்கத்தில் அதற்கும் வழி இருக்கிறது.

"அது என்ன சத்தம்?" என்றார் அத்தை, கதவைப் பிடித்து இறங்கியபடி.

"பிரேக்கு. நாளைக்குக் கழட்டிப் பாக்கறேன்."

"அவன் பஸ் ஏறிட்டானான்னு கேட்டுக்கிட்டுக் கழட்டுங்க," என்றுவிட்டு, ஊசி குத்தாத கையில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.